கடைக்கணக்கை கிளவுடில் ஏற்றலாமா? வாசகர் கேள்வி பதில்

வியாபாரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிளவுட் பற்றியே இருந்ததால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் கடையின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர். கணக்கு, ஸ்டாக், யார் யார் கடன் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் அதில்தான், பழைய பாஸ்டல் கணக்கு மென்பொருளில். நன்றாகவே ஓடுகிறது. என் அக்கா மகன் "கிளவுடுக்கு மாற்றுங்கள் மாமா" என்று தினமும் உயிரை வாங்குகிறான். அது என்ன, அதனால் எனக்கு என்ன லாபம்?
மசாலாக் கடைக்காரர், விக்டோரியா தெரு மார்க்கெட் பக்கம், டர்பன்

பதில்: எல்லோரும் மாறுகிறார்கள் என்பதுதான் அவன் சொல்லும் காரணம் என்றால் அவனை மிளகாய் காயவைக்க அனுப்பிவிடுங்கள். ஆனால் வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

உங்கள் பின்னறைக் கம்ப்யூட்டர் செய்கிற வேலையை வேறொரு கம்பெனியின் பெரிய கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் செய்கிறது. நீங்கள் இன்டர்நெட் வழியாக அதைப் பயன்படுத்துகிறீர்கள், மாதாமாதம் வாடகை கட்டுகிறீர்கள். கல்யாணத்துக்கு அண்டா குண்டாவை யாரும் விலைக்கு வாங்குவதில்லையே, வாடகைக்கு எடுத்துச் சமைத்துத் திருப்பிக் கொடுக்கிறோம், அந்த மாதிரி. அந்தக் கட்டடம் எங்கோ அமெரிக்காவில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நம் தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கிறது: மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் திறந்தது. அமேசான் 2020 ஏப்ரலில் கேப்டவுனில், கூகுள் 2024 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில். இன்னொன்றும் சொல்கிறேன், நம்மூர்க்காரர்கள் பலருக்கே இது தெரியாது: அமேசான் 2006-இல் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தபோது அந்தச் சேவையை உருவாக்கியது கேப்டவுனில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னக் குழு, தலைமை தாங்கியவர் கிறிஸ் பிங்கம். உலகமே இன்று வாடகைக்கு எடுக்கும் சரக்கு பாதி நம் நாட்டுச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது லாபம். செலவு குறையும் என்று விற்பனைக்காரர்கள் முதலில் சொல்வார்கள். உங்கள் அளவு கடைக்கு அது பெரிதாகக் குறையாது, ஏனென்றால் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை கடைகள் சூறையாடப்பட்டு எரிந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடமே, 2022 ஏப்ரலில் வெள்ளம், நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சரக்கு போனால் இன்ஷூரன்ஸ் கேட்கலாம், கலவரச் சேதத்துக்கென்றே அரசாங்கத்தின் சஸ்ரியா இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் வந்ததும் கேட்பது என்ன? அன்றைக்குக் கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது, பில் எங்கே? பில்லும் ஸ்டாக் கணக்கும் சரக்கோடு சேர்ந்தே எரிந்திருந்தால் எதைக் காட்டுவது? கணக்கு கடைக்கு வெளியே, வேறு ஊரில் ஒரு பிரதி இருக்கிறது என்பது ஒன்றே உங்களுக்கு மாத வாடகைக்குப் போதுமான காரணம். வரித்துறையான சார்ஸ் கேட்டால் காட்டுவதற்காகக் கணக்குகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டியதும் இருக்கிறதே, அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் இன்னும் 5 வருடம் தாங்கும் என்று நீங்கள் பந்தயம் கட்டுவீர்களா?

இரண்டாவது லாபம் சின்னது, ஆனால் தினமும் உணர்வீர்கள். ஏலக்காய் தீர்ந்துவிட்டதா என்று மொத்த வியாபாரியிடம் நிற்கும்போதே போனில் பார்க்கலாம். உங்கள் அக்கவுண்டன்ட் வாட் கணக்குப் போட பென் டிரைவோடு கடைக்கு வர வேண்டாம், அவர் இடத்திலிருந்தே அதே கணக்கைத் திறப்பார். மென்பொருளைப் புதுப்பிப்பது, அதில் ஓட்டை அடைப்பது எல்லாம் கம்பெனிக்காரன் வேலை.

ஒரேயடியாக மாற்றாதீர்கள். முதலில் கணக்கு மட்டும். ஒரு மாதம் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும், மாதக் கடைசியில் இரண்டும் ஒரே தொகையைக் காட்டினால் பழையதை நிறுத்துங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் மட்டும் இதைத் தொடங்க வேண்டாம், அப்புறம் அக்கா மகனோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

கேள்வி: கரண்ட் போனால் கிளவுட் எதற்கு? இன்டர்நெட் லைன் போனால் பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தருவது) விற்ற காசை எதில் எழுதுவது?
டேக்அவே நடத்துபவர், ஃபீனிக்ஸ்

பதில்: கோபம் புரிகிறது. 2023 மாதிரி பெரும்பாலான நாட்களில் லோட்ஷெட்டிங் என்ற நிலைமை இப்போது இல்லைதான், ஆனாலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் பழுதும் நம் பக்கத்தில் ஓய்ந்துவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் கரண்ட் விஷயத்தில் கிளவுட் உங்களுக்குச் சாதகம். கிளவுட் கம்பெனியின் கட்டடமான டேட்டா சென்டரில் பெரிய பெரிய ஜெனரேட்டர்களும் பேட்டரிகளும் இருக்கின்றன, உங்கள் தெருவில் கரண்ட் போனது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. திடீரென்று கரண்ட் போய் வருவதால் ஃபைல் கெட்டுப்போவது கடைக்குள் சர்வர் வைத்திருப்பவருக்கு வரும் தலைவலி. உங்கள் பக்கம் உயிரோடு இருக்க வேண்டியது ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் பில் போடும் டில்லும்தான். இவை குடிக்கிற கரண்ட் கொஞ்சம், ரௌட்டருக்கென்றே விற்கிற சின்ன பேட்டரிப் பெட்டி ஒரு லோட்ஷெட்டிங் நேரத்தைத் தாங்கும். ஃபைபரே போய்விட்டால் போனின் ஹாட்ஸ்பாட்டில் டில்லை ஓட்டலாம், ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் போன் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். நீண்ட நேரம் கரண்ட் இல்லாவிட்டால் மொபைல் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும், அதனால் டில் வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: லைன் இல்லாமல் பில் போடுமா? போட்டு வைத்துக்கொண்டு லைன் வந்ததும் தானாக மேலே அனுப்புமா? "ஆமாம்" என்று வாயால் சொன்னால் போதாது, கடையிலேயே ரௌட்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

நம் இன்டர்நெட்டை வெளிநாடுகளோடு இணைக்கும் கடலடிக் கேபிளும் ஒரு விஷயம். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடற்கரைக்கு அப்பால் நான்கு கேபிள்கள் ஒன்றாகப் பழுதாகி, மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கத் திண்டாடியது, நமக்கும் மைக்ரோசாஃப்ட் சேவைகள் தடுமாறின. ஆகவே சேவை வாங்கும்போது டேட்டா எந்த ஊரில் இருக்கும் என்று கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் என்றால் வேகமும் கூடும், கடலடிக் கேபிளை நம்புவதும் குறையும்.

கேள்வி: கடையின் 8 கேமராப் படங்களையும் கிளவுடில் வைக்கலாமா?
ஹார்டுவேர் கடைக்காரர், வெருலம்

பதில்: வேண்டாம். சுமாரான ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி, எட்டும் சேர்ந்தால் 345 ஜிபி. உங்கள் லைனும் தாங்காது, பில்லும் தாங்காது. படங்கள் கடைப் பெட்டியிலேயே இருக்கட்டும். திருடன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவான் என்ற பயம் இருந்தால், ராத்திரியில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் அந்தத் துண்டை மேலே அனுப்பும்படி அமையுங்கள்.

கேள்வி: எங்களுக்கு 14 லாரிகள். சர்வர் வாங்காமல் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லி எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் ஆகிறது, பில் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. என்ன ஏமாற்று வேலை இது?
டிரான்ஸ்போர்ட் கம்பெனி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், கவனிக்க ஆளில்லாத வேலை என்று சொல்வேன். பில்லை எடுத்து மூன்று இடத்தில் பாருங்கள்.

ஒன்று, டாலர். பெரிய கிளவுட் கம்பெனிகளின் விலைப்பட்டியல் அடிப்படையில் டாலர்தான், ராண்டில் பில் வந்தாலும் பின்னால் நிற்பது டாலர். 2011-இல் ஒரு டாலருக்கு 7 ராண்ட் அளவுக்கு இருந்தது, 2023-இல் 19-ஐத் தாண்டியது. நீங்கள் ஒரு லாரி கூடுதலாக வாங்காமலே பில் ஏறும் வழி இது. இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் ராண்டிலேயே விலை நிர்ணயித்து விற்கும் உள்ளூர் கம்பெனிகளிடம் விலை கேட்டுப் பார்க்கலாம், கேட்பதற்குக் காசில்லை.

இரண்டு, அணைக்காத விளக்குகள். யாரோ சோதனைக்கென்று ஒரு மெஷினை ஓட்டியிருப்பார், வேலை முடிந்தது, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கடையில் சர்வர் சும்மா கிடந்தால் தூசி படியும், அங்கே சும்மா கிடந்தால் மீட்டர் ஓடும். பெரிய கிளவுட் கம்பெனிகளிடம் பட்ஜெட் எச்சரிக்கை இருக்கிறது, இவ்வளவு ராண்டைத் தாண்டினால் மெயில் அனுப்பு என்று வைக்கலாம். அந்த மெயில் டெக்னீஷியனுக்குப் போகக் கூடாது, முதலாளிக்குப் போக வேண்டும். ராத்திரி யாரும் பயன்படுத்தாத மெஷினை மாலை 7 மணிக்கு நிறுத்திக் காலை 6 மணிக்கு எழுப்பும்படி செய்தால் அந்த மெஷினின் ஓட்டக் காசில் கிட்டத்தட்ட பாதி மிச்சம்.

மூன்று, வெளியே எடுக்கும் காசு. உள்ளே ஏற்றுவது பொதுவாக இலவசம், இறக்கினால் ஜிபி கணக்கில் கட்டணம். லாரி டிராக்கிங் பதிவுகளை தினமும் உங்கள் ஆபீசுக்கு இறக்குகிறீர்கள் என்றால் அதுவும் பில்லில் இருக்கும். முழுதாக வெளியேற விரும்பினால் மட்டும் இந்தக் கட்டணம் தள்ளுபடி என்று கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே 2024-இல் அறிவித்தன, அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அவர்கள் நிபந்தனைப்படி வெளியேற வேண்டும்.

எல்லோரும் கிளவுடில்தான் இருக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனி தாங்கள் கிளவுடைவிட்டுப் போகிறோம் என்று 2022-இல் வெளிப்படையாக அறிவித்து, சொந்த சர்வர் வாங்கி, அடுத்த வருடமே தங்கள் முக்கியமான மென்பொருள்களை அதற்கு மாற்றியது. அவர்கள் வேலை வருடம் முழுக்க ஒரே அளவு, அதனால் கட்டுப்படியானது. உங்கள் 14 லாரிக் கணக்கும் ஒரே அளவுதான், ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவர்களிடம் இருக்கிறார், உங்களிடம் இருக்கிறாரா? அந்த ஆளின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டபிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் கமிட்டியின் நன்கொடையாளர் பட்டியல், காவடிப் பதிவு எல்லாம் பழைய செயலாளரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. அவர் மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். கேட்டால் "பார்க்கிறேன் தம்பி" என்கிறார். கேள்வி வியாபாரம் பற்றியது இல்லை, மன்னிக்கவும்.
கமிட்டி உறுப்பினர், மவுண்ட் எட்ஜ்கோம்ப்

பதில்: இதைவிட நல்ல வியாபாரக் கேள்வி இந்த மாதம் வரவில்லை. பாதிக் கடைகளிலும் இதே கதைதான்: வெப்சைட் பெயர் அதைச் செய்து கொடுத்த பையனின் பெயரில், கிளவுட் கணக்கு முன்னாள் மேனேஜரின் மெயிலில், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. வாடகை கட்டுவது நீங்கள், சாவி இன்னொருவர் பாக்கெட்டில்.

பெரியவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். நம்மாட்கள் கடிதம் போட்டால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கூப்பிட்டு, நலம் விசாரித்து, அவர் திரையில் பார்த்துக்கொண்டே அந்த ஃபைல்களைக் கமிட்டியின் புதுக் கணக்குக்குப் பகிர வைத்து, நீங்கள் அங்கே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், கால் மணி நேர வேலை. கமிட்டியின் புதுக் கணக்கு கோயில் பெயரில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேருக்கு நிர்வாக உரிமை இருக்க வேண்டும், நுழையும்போது போனுக்கு எண் வரும் இரட்டைப் பூட்டு இருவருக்கும். கமிட்டி மாறும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே "கணக்கு ஒப்படைப்பு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், உண்டியல் சாவி ஒப்படைக்கும்போது இதையும் ஒப்படைக்கட்டும். பதிவு பெற்ற சேவை அமைப்புகளுக்கு கூகுளும் மைக்ரோசாஃப்டும் இலவசமாகவோ சலுகையிலோ தருகின்றன, விண்ணப்பித்துப் பாருங்கள்.

கேள்வி: டாக்டர் கிளினிக்கில் நிர்வாகம் பார்க்கிறேன். நோயாளிகள் விவரத்தை கிளவுடில் வைத்தால் தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் பிடிக்குமா?
வாசகி, லெனேஷியா

பதில்: வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை அக்கா, ஆனால் பொறுப்பு உங்கள் தலையிலிருந்து இறங்காது. 2021 ஜூலை 1 முதல் போப்பியா முழுதாக அமலில் இருக்கிறது, அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். உடல்நல விவரம் சட்டத்தின் கண்ணில் தனிப் பாதுகாப்பு பெற்ற வகை. கிளவுட் கம்பெனி உங்களுக்காக வேலை செய்பவர் மட்டுமே, அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், விவரம் கசிந்தால் உங்களுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். அப்படிக் கசிந்தால் இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டருக்கும் நோயாளிகளுக்கும் தெரிவிப்பது உங்கள் கடமை. டேட்டா நாட்டுக்கு வெளியே போனால் அந்த நாட்டிலோ ஒப்பந்தத்திலோ இதே அளவு பாதுகாப்பு இருக்கிறதா என்று 72-ஆம் பிரிவு கேட்கிறது. உள்ளூர் டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கேள்வி பெருமளவு லேசாகும். அப்புறம், வரவேற்பறைப் பெண்கள் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிறார்களா? கிளவுட் கம்பெனியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் புடவை விற்கிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் வெப்சைட் படுத்துவிட்டது, ஆர்டர்கள் போயின. கிளவுடுக்கு மாறினால் சரியாகுமா? இன்னொன்று, கிளவுட் கம்பெனியே எரிந்து போனால் என் கடை என்ன ஆகும்?
வாசகி, டோங்காட்

பதில்: முதல் பாதிக்கு, ஆமாம் தங்கை, கிளவுட் ஜொலிக்கும் இடமே இதுதான். வருடத்தில் மூன்று வாரம் கூட்டம், மற்ற நாட்களில் அமைதி என்ற வியாபாரத்துக்குச் சொந்த சர்வர் வாங்கினால் அந்த மூன்று வாரத்துக்காகப் பெரிதாக வாங்கி மீதி வருடம் சும்மா வைத்திருக்க வேண்டும். வாடகை என்றால் கூட்டம் வரும்போது கூடுதல் மெஷின்கள் தானாகச் சேரும், போனதும் தானாக விலகும். 'தானாக' என்றால் யாராவது முன்கூட்டியே அமைத்திருந்தால் தானாக, அதைச் செப்டம்பரிலேயே அமைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும், மேல் வரம்பும் வைக்க வேண்டும். உங்கள் கடை சிறியது என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், மாதக் கட்டணத்தில் ரெடிமேட் ஆன்லைன் கடை தரும் கம்பெனிகளிடம் போங்கள், கூட்டத்தைச் சமாளிப்பது அவர்கள் பாடு.

இரண்டாவது பாதி சிரிப்பதற்கில்லை, நிஜமாகவே எரிந்திருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் கம்பெனியின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாகத் தீக்கிரையானது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. தீ இல்லாமலும் அழியும். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற கம்பெனியின் அமேசான் கணக்குக்குள் ஒரு திருடன் நுழைந்து காசு கேட்டான். அவர்கள் அவனை வெளியேற்ற முயன்றதும் டேட்டாவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தான். இரண்டும் ஒரே சாவிக்குள் இருந்தன, கம்பெனி மூடப்பட்டது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு கூகுள் பக்கத்திலேயே நடந்த ஒரு தவறான அமைப்பால் அவர்களுடைய தனிக் கிளவுட் ஒன்று அழிந்துபோனது, அதில் இரண்டு இடத்தில் வைத்திருந்த பிரதிகளும் போயின. 6 லட்சம் உறுப்பினர்களுக்கு மேல். ஒரு வாரத்துக்கு மேல் தவித்தபின் எழுந்தார்கள், அதற்குக் கை கொடுத்ததில் முக்கியமானது வேறொரு கம்பெனியிடம் அவர்கள் தனியாக வைத்திருந்த பேக்கப்.

பேக்கப்பில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். புடவைக் கடைக்கு இது சுலபம். நடப்புக் கணக்கு கிளவுடில், வாரம் ஒரு பிரதி வேறு கம்பெனியின் கிளவுடில் வேறு பாஸ்வேர்டோடு, மாதம் ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்கில், அது பிளக்கைப் பிடுங்கி பீரோவில். வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர்கள், புடவைப் படங்கள், சப்ளையர் பில்கள் இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். இந்த வாரமே அந்தப் பிரதியிலிருந்து ஒரு பழைய ஆர்டரைத் திறந்து பாருங்கள், திறக்கவில்லை என்றால் எந்த மென்பொருளில் எடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.